இறுகிய வெண்பனியும் இடை சிறுத்த பலகையும்

வெண்பனி என்றதும், வெப்ப நாட்டவராகிய நமது மனக்கண் முன் தோன்றுவது இலவம்பஞ்சே. வானிலிருந்து மெல்ல உதிர்ந்து, கூரையையும் மரத்தையும் போர்த்தி, கால் வைத்தால் முழந்தாள் வரை புதையச் செய்யும் மென்பொருளாகவே நாம் அதனை நாட்காட்டிப் படங்களிற் கண்டிருக்கிறோம். அப்படங்கள் பொய்யல்ல. ஆயினும், பனிநாட்டில் வாழ்பவனுக்கு வெண்பனி ஒரு பொருளன்று, பல பொருள். புதிதாய் விழுந்த பனி ஒரு கன மீற்றர் 50 முதல் 100 கிலோகிராம் வரையே நிறைகொள்ளும். அதனையே இயந்திரங் கொண்டு உருட்டி அமுக்கினால் 400, 500 கிலோகிராம் வரை ஏறிவிடும். பகலில் வெயில் பட்டு உருகி, இரவிற் குளிர் பட்டு உறைந்தால், அது பனி என்னும் பெயரை விட்டுப் பளிங்கு என்னும் பெயரை நாடத் தொடங்கும். இறுதியில் 917 கிலோகிராம் நிறையுள்ள பனிக்கட்டியாகவே ஆகிவிடும்.

இந்த இறுகிய பனியின் மீது, காலிற் பலகை கட்டி, மலைச்சரிவில் இறங்குவோர் கோடிக்கணக்கானோர். 'ஸ்கீ' என்று உலகம் அழைக்கும் இச்சறுக்கு விளையாட்டுக்குரிய பலகையை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்னும் கேள்வி, யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றிற் பௌதிகங் கற்பிக்கும் எனக்கு என்றேனும் எதிர்ப்படும் என நான் கனவிலும் கருதியதில்லை. சென்ற ஜனவரி மாதத்தில், ஸ்லோவேனியா என்னும் சிறிய நாட்டில் அது எதிர்ப்பட்டது.

ஸ்லோவேனியா, இத்தாலி, ஒஸ்திரியா, ஹங்கேரி, குரோசியா என்னும் நான்கு நாடுகளுக்கிடையே கிடப்பது. பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீற்றர். அதாவது நமது இலங்கையின் மூன்றிலொரு பங்கினும் குறைவு. குடிமக்கள் இருபது இலட்சத்துக்குச் சற்று மேல். 1991ஆம் ஆண்டு ஜூன் 25ஆந் திகதி யூகோசிலாவியாவினின்றும் பிரிந்து தனிநாடாயிற்று. அந்நாட்டுக் கொடியில் ஒரு மலை பொறிக்கப்பட்டிருக்கிறது. அது திரிக்லாவ். 2,864 மீற்றர் உயரமுடைய அம்மலை, நமது பிதுருதலாகலையிலும் ஏறத்தாழ 340 மீற்றர் உயர்ந்தது. மலையையே கொடியிற் கொண்ட மக்கள், அம்மலைச் சரிவுகளில் விளையாடாதிருப்பார்களா?

முழங்காலும் ஒரு தாயும்

என் தமக்கையார் சுவிற்சர்லாந்திற் குடியேறி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. அவரது ஒரே மகன் அங்கேயே பிறந்தவன். அந்நாட்டுப் பள்ளிகளில், குளிர்காலத்தில் ஒரு கிழமைக்கு மாணவரைச் சறுக்கு முகாமுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் உண்டு. நம்மவர் பிள்ளைகள் பலரும் அவ்வாறே அவ்விளையாட்டைக் கற்றனர். என் மருமகனும் அவர்களுள் ஒருவன். அவன் வீரனுமல்லன், புதியவனுமல்லன். நடுத்தரமான சரிவுகளில் அச்சமின்றி இறங்குவான். செங்குத்தான இடங்களில் தடுமாறுவான். இடைநிலைச் சறுக்குநர் என அவ்விளையாட்டின் ஆசிரியர்கள் குறிப்பிடுவது இத்தகையோரைத்தான்.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன், நண்பனொருவனிடம் இரவல் வாங்கிய பலகைகளுடன் அவன் ஒரு காலை வேளையில் மலைக்குச் சென்றான். அவை ஆழ்ந்த புதுப்பனிக்கெனச் செய்யப்பட்ட அகன்ற பலகைகள், ஓரமும் மழுங்கியிருந்தது. சரிவோ இரவில் உறைந்து கல்லாய்க் கிடந்தது. திரும்ப முயன்ற இடத்திற் பலகை பற்றவில்லை. பக்கவாட்டில் வழுக்கிச் சென்று, முழங்காலைத் திருகிவிட்டது. உள்ளிருக்கும் தசைநார் கிழிந்தது. சத்திரசிகிச்சை, ஊன்றுகோல், ஒன்பது மாத ஓய்வு என எல்லாம் தொடர்ந்தன.

வைத்தியர் சென்ற ஆண்டு அனுமதி கொடுத்துவிட்டார். தாய் கொடுக்கவில்லை. நான் விடுமுறைக்குச் சென்றிருந்தபோது வீட்டில் இதுவே வழக்காக இருந்தது. "தம்பி, நீ படிச்சவன். அவனுக்கு ஒருக்கால் புத்தி சொல்லு" என்றார் அக்கா. மருமகனோ, "மாமா, நீங்கள் என்னுடன் வந்து கண்ணாற் காணுங்கள், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்" என்றான். ஸ்லோவேனியாவுக்குப் போவதெனத் தீர்மானித்தவனும் அவனே. அவன் வாங்க விரும்பிய வளைந்த பலகையின் பிறப்பிடம் அதுவாம். சூரிச் நகரிலிருந்து காரிற் புறப்பட்டு, ஒஸ்திரியாவைக் கடந்து, 1991ஆம் ஆண்டிற் திறக்கப்பட்ட ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் நீளமான கரவாங்கே சுரங்கப் பாதையினூடாக நாம் அந்நாட்டினுள் நுழைந்தோம்.

உழவரின் பலகை

சறுக்குப் பலகை இன்று செல்வர் விளையாட்டின் சின்னமாகத் தோன்றலாம். ஸ்லோவேனியாவில் அது உழவரின் கருவியாகவே முதலில் ஏட்டில் ஏறியது. லியுப்லியானா நகருக்குத் தெற்கே ப்லோகே என்னும் மேட்டுநிலம் உண்டு. பனி மூடிய காலத்தில் அங்குள்ள குடியானவர் வீடு விட்டு வீடு செல்லவும், காட்டுக்குச் செல்லவும், குன்றிலிருந்து இறங்கவும் பலகை கட்டிச் சென்றனர். வல்வசோர் என்னும் பேரறிஞர், 1689ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நாட்டு வரலாற்று நூலில் இதனை விரித்துரைத்துள்ளார். அவர்களது பலகைகள் ஐந்தடி அளவினவாய்க் குறுகியிருந்தன என்றும், நடுவே தோற்பட்டி இருந்தது என்றும், கையில் ஒரேயொரு கோல் கொண்டு அதன்மேற் சாய்ந்தவாறு இறங்கினர் என்றும், மரமோ கல்லோ எதிர்ப்பட்டாற் பாம்பு நெளிவது போல நெளிந்து விலகினர் என்றும் அவர் எழுதுகிறார்.

இச்செய்தியில் நான் கவனித்தது ஒன்று. அக்குடியானவர் தம் பலகையைப் பெருமைக்காகச் செய்யவில்லை. தம் குன்றுக்கும், தம் பனிக்கும், தம் காலுக்கும் ஏற்றபடி செய்துகொண்டனர். கடையில் விளக்கொளியின் கீழ் நூறு பலகைகள் வரிசையாய் நிற்கும் இக்காலத்தில், நாம் மறந்துபோவது இந்த எளிய நெறியைத்தான்.

பெகுன்யேயில் ஒரு வளைவு

மலையடிவாரத்திற் பெகுன்யே என்னும் ஊர் இருக்கிறது. தீவும் தேவாலயமுமாய்ப் படங்களிற் புகழ்பெற்ற பிளெட் ஏரிக்கு அது அண்மையில் உள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது, விடுதலைப் படையினருக்காகப் பலகை செய்த றூடி ஃபின்ஸ்கார் என்பவர், போர் முடிந்த 1945ஆம் ஆண்டில், சில தொழிலாளருடன் இவ்வூரில் ஒரு பட்டறையை அமைத்தார். அதுவே எலான் நிறுவனம். சுவீடன் நாட்டு இங்கெமார் ஸ்ரென்மார்க், இவ்வூர்ப் பலகைகளைக் கட்டியே உலகக் கிண்ணப் பந்தயங்களில் 86 வெற்றிகளை ஈட்டினார். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்க வீராங்கனை மிக்காயலா ஷிஃப்றின் தமது 87ஆவது வெற்றியைப் பெறும் வரை அந்த எண்ணிக்கையை எவரும் கடக்கவில்லை.

ஆனால், ஸ்ரென்மார்க் கட்டிய பலகைகள் நமது மருமக்கள் கட்டுவன போன்றவையல்ல. அக்காலப் பலகைகள் இரண்டு மீற்றருக்கு மேல் நீண்டவை, ஏறத்தாழ நேரானவை. பலகையின் முனையும் வாலும் சற்று அகன்றும், நடு சற்று ஒடுங்கியும் இருப்பது பழைய வழக்கமே. அந்த ஒடுக்கம் மிகச் சிறிதாகையால், பலகையின் ஓரவளைவை ஒரு பெரிய வட்டத்தின் துண்டாகக் கொண்டால், அவ்வட்டத்தின் ஆரை 40 மீற்றருக்கும் மேலாகும். அத்தகைய பலகையை ஓரத்தில் நிறுத்திச் சுத்தமாகத் திருப்புதல் பெருவீரருக்கே கைகூடும். ஏனையோர் குதிகாலாற் தள்ளி, பனியைச் சுரண்டியே திரும்பினர்.

1980களின் இறுதியில், எலான் நிறுவனத்தைச் சேர்ந்த யூரி ஃபிராங்கோ, பாவெல் ஷ்கோஃபித்ஸ் என்னும் இருவர் இவ்வழக்கத்தை மாற்ற முனைந்தனர். 1984ஆம் ஆண்டு சரயேவோ ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்ற யூரே ஃபிராங்கோ வேறொருவர். பெயரொற்றுமை கண்டு மயங்கலாகாது. இடையை மிக ஒடுக்கி, முனையையும் வாலையும் நன்கு அகற்றி, நீளத்தைக் குறைத்து அவர்கள் உருவாக்கிய பலகை, எஸ்.சி.எக்ஸ். என்னும் பெயருடன் 1993ஆம் ஆண்டிற் சந்தைக்கு வந்தது. சில ஆண்டுகளில் உலகின் ஏனைய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. பனியைச் சுரண்டாது, உளிகொண்டு செதுக்கியது போன்ற மெல்லிய கோட்டை விட்டுச் செல்வதால், இப்பலகைகளுக்குச் 'செதுக்கும் பலகை' என்னும் பொருளில் 'கார்விங் ஸ்கீ' என்ற பெயர் நிலைத்தது.

இதன் நுட்பம் நமக்கு அந்நியமன்று. சைக்கிளில் வேகமாய் வந்து ஒழுங்கை முடக்கிற் திரும்புபவன் உடலையும் சைக்கிளையும் உள்ளே சரிக்கிறான். சரிவு கூடினால் முடக்குக் குறுகும். பலகையும் அவ்வாறே. 15 மீற்றர் ஆரையுடைய பலகையை ஓரத்தில் 60 பாகை சரித்து அமுக்கினால், அது வில்லாக வளைந்து, அதன் பாதியாகிய ஏழரை மீற்றர் ஆரையில் திரும்பும். கோசைன் அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் எந்த மாணவனும் இதனைக் கணித்துவிடலாம். பழைய 40 மீற்றர்ப் பலகையை அதே அளவு சரித்தாலும் 20 மீற்றருக்குக் குறையாது. எளியவனும் திரும்பலாம் என்னும் நிலையை உண்டாக்கியது அந்த ஒடுங்கிய இடைதான்.

பெரியவர் கேட்ட மூன்று கேள்விகள்

பெகுன்யேக்கு அண்மையிலுள்ள சிறு நகரொன்றில், பலகை விற்பதும் தீட்டுவதுமாய் ஒரு கடை இருந்தது. கடைக்குரிய பெரியவர் ஜேர்மன் மொழி அறிந்தவராகையால் மருமகன் உரையாட, எனக்கு அவனே மொழிபெயர்த்தான். உள்ளே நுழைந்ததும் அவன் கை, சிவப்பு நிறப் பந்தயப் பலகையொன்றின் மீது சென்றது. பெரியவர் அதனைப் பார்த்துப் புன்னகைத்தாரேயன்றி விலை சொல்லவில்லை. மாறாக மூன்று கேள்விகள் கேட்டார். நீர் எவ்வாறு சறுக்குவீர்? எந்த வேளையிற் சறுக்குவீர்? எந்த மலையிற் சறுக்குவீர்?

எனக்கு வியப்பாயிருந்தது. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என வள்ளுவர் அடுத்தடுத்து வைத்த மூன்று அதிகாரங்களையன்றோ இவர் கேள்வியாகக் கேட்கிறார்! மன்னனுக்குச் சொன்னது மலையிற் சறுக்குவோனுக்கும் பொருந்துகிறது.

வேளை, காலை. மலை, கிரான்ஸ்கா கோரா. இவ்விரு விடைகளைக் கேட்டதும் பெரியவர், "அப்படியானால் கட்டிப்பனி" என்றார். காரணம் உண்டு. கிரான்ஸ்கா கோரா ஊர் கடல் மட்டத்திலிருந்து 800 மீற்றர் அளவே உயர்ந்தது. நுவரெலியாவின் பாதி உயரமுமில்லை. ஆகையாற் பகலில் உருகுதலும் இரவில் உறைதலும் அடிக்கடி நிகழும். மேலும், தாழ்ந்த மலைகளில் இயற்கைப் பனி குறைந்துவருகிறது. மரிபோர் நகரிற் பல ஆண்டுகளாக நடந்துவந்த பெண்களுக்கான உலகக் கிண்ணப் பந்தயம், பனி போதாமையால் 2020 முதற் பல தடவை கிரான்ஸ்கா கோராவுக்கு மாற்றப்பட்டதே இதற்குச் சான்று. குறையை நிரப்ப, நீரைத் துளியாக்கிக் குளிர்காற்றில் வீசும் பீரங்கிகளாற் செயற்கைப் பனி செய்கின்றனர். அது இயற்கைப் பனியிலும் அடர்ந்தது, எளிதில் இறுகுவது. எனவே, இடைநிலைச் சறுக்குநர் இன்று பெரும்பாலும் சந்திப்பது பஞ்சுப்பனியையன்று, கட்டிப்பனியையே.

கட்டிப்பனியிற் பலகை புதையாது. ஓரமாகிய உருக்கு விளிம்பு மட்டுமே பற்றும். ஆகவே தெரிவு முழுவதும் அவ்விளிம்பை நோக்கியே அமையவேண்டும். பெரியவர் ஒவ்வொன்றாய் எடுத்துரைத்தார்.

முதலாவது, இடையின் அகலம். காலுக்குக் கீழே பலகை 66 முதல் 76 மில்லிமீற்றர் வரை இருத்தல் நன்று. அகன்ற பலகை புதுப்பனியில் மிதக்கும். கட்டிப்பனியிலோ அது பகை. 100 மில்லிமீற்றர் அகலமாயின், பற்றும் விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து 50 மில்லிமீற்றர் வெளியே நிற்கும். 70 ஆயின் 35 மட்டுமே. நெம்புகோல் நீள, முழங்கால் தாங்கவேண்டிய திருகுவிசையும் கூடும். விளிம்பை உயர்த்தவும் நேரம் கூடும். இதனை அவர் சொன்னபோது மருமகன் தன் முழங்காலை ஒருமுறை தடவிக்கொண்டான். இரவற் பலகை செய்த வேலை அவனுக்கு அப்பொழுதுதான் விளங்கியது.

இரண்டாவது, ஆரை. இடைநிலையாளனுக்கு 13 முதல் 16 மீற்றர். அதனிற் குறைந்தாற் பலகை ஓயாது திரும்பத் துடிக்கும். நேரே விட்டால் அலையும். அதனிற் கூடினால் வேகம் வேண்டும். உலகக் கிண்ண ஆடவர் பெருவளைவுப் பந்தயத்துக்குரிய பலகையின் ஆரை 30 மீற்றர். தொலைக்காட்சியில் அது அழகாய் வளைவது, அதன்மேல் நிற்பவர் மணிக்கு எழுபது, எண்பது கிலோமீற்றர் வேகத்தில் வருவதாலேயே.

மூன்றாவது, நீளம். நிறுத்திவைத்தால் நாடிக்கும் மூக்குக்கும் இடைப்பட்டு நிற்கவேண்டும். மருமகனின் உயரம் 174 சென்ரிமீற்றர். அவனுக்கு 160 முதல் 167 வரை போதும். உடல் நிறை கூடியவரும் வேகம் விரும்புபவரும் சற்று நீட்டலாம். மெலிந்தவரும் அச்சமுடையவரும் சற்றுக் குறைக்கலாம்.

நான்காவது, விறைப்பு. இங்கேதான் பலர் மயங்குகின்றனர். பலகைக்கு விறைப்பு இருவகை. நீளவாக்கில் வளைவது ஒன்று; முறுக்குக்கு இணங்குவது மற்றொன்று. முறுக்கில் அது இளகலாகாது. இளகினால் நடுவிளிம்பு பற்றியிருக்கையில் முனையும் வாலும் நழுவும். நீளவாக்கிலோ, உம் நிறைக்கு அது வளைந்து கொடுக்கவேண்டும். மரக்கருவும், அதன்மேல் மெல்லிய அலுமினியக் கலப்புலோகத் தகடும் உடைய பலகை இவ்விரு குணங்களையும் தரும். மரத்தின் மேலும் கீழும் தடித்த தகடுகளும், காலின் கீழ் உயர்ந்த மேடையும் கொண்ட பந்தயப் பலகையோ பெருவேகத்துக்கன்றி வளையாது. வளையாத பலகை திரும்பாது, நேரே செல்லும். சிவப்புப் பலகையைச் சுட்டிப் பெரியவர் சொன்னார்: "அது உம்மைச் சுமக்காது, நீர்தான் அதனைச் சுமக்கவேண்டும்."

ஐந்தாவது, வில்வளைவு. பலகையைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி சற்று மேலெழுந்து நிற்கவேண்டும். அதன்மீது நிற்பவனது நிறை அவ்வளைவை அமுக்க, விளிம்பு நீளம் முழுவதும் பனியை ஒரே சீராய் அழுத்தும். முனை சிறிது முன்கூட்டியே உயர்ந்திருப்பது திரும்புதலைத் தொடங்க உதவும். மிக உயர்ந்திருந்தால், கட்டிப்பனியிற் பற்றும் நீளம் குறைந்துவிடும்.

விளிம்பும் சப்பாத்தும்

பலகை எத்துணை நல்லதாயினும் விளிம்பு மழுங்கினாற் பயனில்லை. பலகைக்கு உருக்கு விளிம்பு பூட்டியவர், றூடோல்ஃப் லெற்னர் என்னும் ஒஸ்திரியர். 1920களில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் இருந்த மரவிளிம்பு கட்டிப்பனியில் எவ்வளவு நிலைத்திருக்கும் என்பதை நாமே ஊகிக்கலாம். இக்காலத்தில் விளிம்பின் பக்கத்தை 88 அல்லது 87 பாகைக்குத் தீட்டுகின்றனர். 90இலிருந்து குறையக் குறையக் கூர்மை கூடும், பற்றும் கூடும், ஆனால் விரைவில் மழுங்கும், பிழைகளையும் மன்னியாது. இடைநிலையாளனுக்கு 88 போதுமென்பது பெரியவரின் முடிவு. நகத்தின் மேற்புறத்தை விளிம்பிற் குறுக்கே உரசினால் மெல்லிய தூள் சீவப்படவேண்டும். அதுவே கூர்மைக்குச் சோதனை. கட்டிப்பனியில் இரண்டு மூன்று நாள் சறுக்கினால், வைரக்கல்லால் ஒருமுறை நீவிவிடுதல் நலம். மாலையிற் துடைத்துக் காயவைக்காவிடில் துருப்பிடிக்கும்.

அடுத்து அவர் எடுத்தது சப்பாத்து. "பலகைக்குக் கொடுக்கும் பணத்துக்கு முன், சப்பாத்துக்குக் கொடும்" என்றார். பாதம் சப்பாத்தினுள் அசைந்தால், முழங்கால் இடும் கட்டளை விளிம்பைச் சேராது. நின்றால் விரல்நுனி முன்சுவரைத் தொடவேண்டும். முழங்காலை முன்னே மடக்கினால் விலகவேண்டும். குதிகால் உயரவே கூடாது. மருமகனின் பழைய சப்பாத்து ஓர் அளவு பெரிதென அன்றுதான் தெரியவந்தது. அவன் முதலில் வாங்கியது புதிய சப்பாத்தையே.

பலகையையும் சப்பாத்தையும் இணைக்கும் பூட்டு, விழும்போது தானே கழன்று காலைக் காக்கவேண்டிய கருவி. அது எவ்வளவு விசைக்குக் கழலவேண்டும் என்பதை ஓர் எண்ணால் அமைப்பர். உடல் நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடிநீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டு அட்டவணையிற் பார்த்துத் தொழில்நுட்பவியலாளர் அதனைக் கணிப்பார். தன் திறனை மிகைப்படுத்திச் சொல்பவன் தன் காலுக்கே பகைவனாகிறான். உயர்ந்த எண் உயர்ந்த வீரமன்று. எனினும், பூட்டு எல்லாக் காயங்களையும் தடுத்துவிடாது. முழங்கால் நார்க்காயம் அதனையும் மீறி நேரலாம். ஆகையாற் பற்றும் பலகையும், அளவறிந்த வேகமும், பலப்படுத்திய தொடைத்தசையுமே முதற்காவல்.

காலை எட்டரை மணி

பெரியவர் இறுதியாகச் செய்த நற்செயல், எதனையும் அன்று விற்க மறுத்தது. மூன்று சோடிப் பலகைகளை ஒரு காலைக்கு வாடகைக்குத் தந்து, "ஒரே சரிவில், ஒரே வேளையில் மூன்றையும் பாரும்" என்றார். மருமகன் வேண்டிக்கொண்டபடி, அவற்றுள் ஒன்று அந்தச் சிவப்புப் பலகை.

கிரான்ஸ்கா கோரா ஓர் அழகிய ஊர். தேவாலயக் கோபுரத்தைச் சூழ்ந்து வீடுகள். வீடுகளின் கொல்லைப்புறத்திலேயே சரிவு தொடங்குகிறது. 1961 முதல் இங்கே வித்ராந்த்ஸ் கிண்ணப் பந்தயம் நடைபெறுகிறது. சற்று மேற்கே பிளானிட்ஸாப் பள்ளத்தாக்கு. 1936ஆம் ஆண்டில், செப் பிராட்ல் என்னும் ஒஸ்திரிய இளைஞர், பலகை கட்டி 100 மீற்றருக்கு அப்பாற் தாவிய முதல் மனிதரானது அங்கேதான்.

எட்டரை மணிக்குச் சூரியன் இன்னும் மலைக்குப் பின்னால் இருந்தான். சரிவு, இரவில் இயந்திரம் உழுது சென்ற மெல்லிய வரிகளுடன், சாணமிட்டு மெழுகிக் காய்ந்த முற்றம் போல இறுகிக் கிடந்தது. நான் என் சப்பாத்தின் குதியாற் குத்திப் பார்த்தேன், வடுவும் விழவில்லை. கையிற் சூடான தேநீர்க் கோப்பையுடன் நான் அடிவாரத்தில் நிற்க, அவன் ஏறினான்.

முதலிற் சிவப்புப் பலகை. அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுவது போன்ற ஓசை மேலிருந்து கேட்டது. பலகை திரும்ப மறுக்க, அவன் பின்னாற் சாய்ந்தான்; பின்னாற் சாயச் சாய அது மேலும் விரைந்தது. கீழே வந்து சேர்ந்தபோது அவன் முகத்தில் இரத்தமில்லை. "இது போதும், மாமா" என்று அவனே அதனைக் கழற்றி வைத்தான். அடுத்தது 82 மில்லிமீற்றர் இடையுடையது. அடக்கமாய் வந்தது, ஆயினும் செங்குத்தான இடத்தில் நழுவிற்று. மூன்றாவது, 165 சென்ரிமீற்றர் நீளமும் 70 மில்லிமீற்றர் இடையும் 14 மீற்றர் ஆரையும் உடைய, விளம்பரங்களில் இடம்பெறாத ஒரு சாம்பல் நிறப் பலகை. இம்முறை சுரண்டும் ஓசை கேட்கவில்லை. துணி கிழிவது போன்ற மெல்லிய ஓசை மட்டுமே கேட்டது. அவன் கடந்து வந்த வழியைப் பார்த்தேன். புகையிரதத் தண்டவாளம் போல, இரண்டு நுண்ணிய கோடுகள் வளைந்து வளைந்து மேலே சென்றன.

நான்காம் முறை இறங்குகையில் அவன் விழுந்தான். என் கையிலிருந்த தேநீர் சிந்திற்று. பூட்டுக் கழன்று ஒரு பலகை தனியே கிடக்க, அவன் சில அடி தூரம் வழுக்கி, நின்று, எழுந்து, பனியைத் தட்டிக்கொண்டு கையசைத்தான். முழங்கால் முழங்காலாகவே இருந்தது.

அன்று மாலை அக்கா தொலைபேசியில் அழைத்தார். முதற் கேள்வி, "விழுந்தவனோ?" என்பதே. "விழுந்தான், எழுந்தான்" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர், "என்ன பலகை வாங்கினவன்?" என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளில் அவர் அவ்விளையாட்டைப் பற்றிக் கேட்ட முதற் கேள்வி அதுவென மருமகன் சொன்னான். சாம்பல் நிறப் பலகையை நாம் மறுநாள் வாங்கினோம். முந்திய ஆண்டு வார்ப்பாகையால் விலையும் குறைந்திருந்தது. பலகைகள் ஆண்டுக்காண்டு பெரிதும் மாறுவதில்லை. மேலே தீட்டும் நிறமே மாறுகிறது.

இன்று கனடா, நோர்வே, சுவிற்சர்லாந்து எனப் பனிநாடுகளில் நம்மவர் பிள்ளைகள் ஆயிரமாயிரவர் வளர்கின்றனர். அவர்கள் மலைக்குப் போகாதிருக்க நாம் இங்கிருந்து கட்டளையிடல் இயலாது, இடுதலும் முறையன்று. பனையேறத் தெரியாதவன் பனைநாட்டிற் குறைபட்டு நிற்பதுபோல, பனியிற் சறுக்கத் தெரியாதவன் அங்கே தன் தோழரிடையே தனித்து நிற்பான். நாம் செய்யக்கூடியது, சரியான கேள்விகளைக் கேட்பது. எவ்வாறு சறுக்குவாய், எந்த வேளையில், எந்த மலையில் என்று கேளுங்கள். சப்பாத்து இறுக்கமா, பூட்டு யாரால் அமைக்கப்பட்டது, தலைக்கவசம் உண்டா என்றும் கேளுங்கள். தாம் ஆகவிரும்பும் வீரனுக்கன்றி, தாம் இன்று இருக்கும் நிலைக்கே பலகை வாங்குமாறு சொல்லுங்கள். திறன் வளர்ந்தபின் பலகையை மாற்றிக்கொள்ளலாம். கடைக்குப் போகும் பிள்ளையிடம் இதையும் சொல்லிவிடுங்கள்: விலைச்சீட்டைப் பார்க்குமுன், விளிம்பில் ஒருமுறை நகத்தை உரசிப் பார்.